குலுக்க ஒரு வரி போதும்

நிரல் எழுதப் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக நான் கொடுப்பது குறி சொல்லும் நிரல்தான். ஆள் ஒரு கேள்வியைத் தட்ட வேண்டும். கணினி தன்னிடம் இருக்கும் பதில்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்துக் காட்ட வேண்டும். சுங்கை பட்டாணிப் பிள்ளைகள், பீடோங்கிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் வருகிறவர்கள், எல்லாருக்கும் இதே வேலை. வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிடும் நிரலை எழுதிக் காட்டினால் வீட்டில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. குறி சொல்லும் நிரல் என்றால் பாட்டியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாம் நினைக்காத கேள்வியை எல்லாம் கேட்பார்கள். நிரலில் இருக்கும் ஓட்டைகள் அன்றைக்கே வெளியே வந்துவிடும். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் ஓர் அண்ணன். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். அவரும் அப்படிப் போனவர். ஓய்வு நாளில் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கணினியில் ஜிடபிள்யூ-பேசிக்கைத் திறந்துவைத்துச் சொல்லித் தருவார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் மரத்தில் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு கட்டிக்கொள்ளும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. நிரலில் கை வைப்பதையும் அவர் அப்படித்தான் பார்த்தார். "ஒரு வரி மாத்து, ஓட்டிப் பாரு. ரெண்டு வரிய ஒண்ணா மாத்துனா எது கெடுத்துச்சுன்னே தெரியாது தம்பி" என்பார். விசைப்பலகையில் அவர் கை மெதுவாகத்தான் போகும். தட்டிய வரியை ஒரு தடவை வாயால் படித்துவிட்டுத்தான் என்டர் அடிப்பார். இன்றும் என்னிடம் படிக்கிறவர்கள் வரியை வாய்விட்டுப் படித்த பிறகே ஓட்ட வேண்டும்.

எட்டுப் பதிலை டேட்டா வரிகளில் எழுதச் சொன்னார். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது, அதனால் மலாயிலும் ரோமன் எழுத்தில் தமிழிலுமாக எழுதினேன். ஆர்என்டி என்ற சார்பு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண் தரும்; அதை எட்டால் பெருக்கி, முழு எண்ணாக வெட்டி, ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 8 வரை ஏதாவது வரும். ஓட்டினேன். நன்றாகத்தான் பதில் சொன்னது. அண்ணன் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்று தடவையும் பதில்கள் அதே வரிசையில் வந்தன. "எந்தச் சாமியாவது தினமும் ஒரே வரிசையில குறி சொல்லுமா?" என்று கேட்டார்.

பிறகு ராண்டமைஸ் என்ற சொல்லை முதல் வரியில் போடச் சொன்னார். இப்போது ஓட்டினால் கணினி நம்மிடம் ஒரு விதை கேட்கிறது, -32768-க்கும் 32767-க்கும் நடுவே. 7 கொடுத்தால் ஒரு வரிசை. மறுபடி 7 கொடுத்தால் அதே வரிசை. 8 கொடுத்தால் வேறு வரிசை. கடைசியில் ராண்டமைஸ் டைமர் என்று எழுதி, நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளையே விதையாகக் கொடுக்கக் காட்டினார். கணினிக்குள் அதிர்ஷ்டம் என்று எதுவும் கிடையாது, விதையிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்ணைத் தருகிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இன்று நான் சொல்லித் தருவது பைதான். அதன் ரேண்டம் தொகுப்பு விதையை இயங்குதளத்திடமிருந்து தானாகவே வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஓடுவது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறை. ஜப்பானின் மாகோட்டோ மாட்சுமோட்டோவும் தாகுஜி நிஷிமுராவும் 1997-இல் உருவாக்கியது. அது தரும் வரிசை திரும்ப முதலிலிருந்து தொடங்க 6,002 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணிக்கை அளவுக்கு எண்கள் தீர வேண்டும். குறி சொல்ல அது தாராளம். கடவுச்சொல் தயாரிக்க மட்டும் அதைத் தொடாதீர்கள். அதற்கு சீக்ரெட்ஸ் என்று தனித் தொகுப்பு இருக்கிறது. விதை தானாக வந்தாலும் அதைச் சொல்லித் தருவதை நான் விடுவதில்லை. நிரலைச் சோதிக்கும்போது விதையை நாமே 7 என்று நிறுத்திவைத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே பதில்கள் வரும், பிழையைத் துரத்திப் பிடிக்கலாம். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஒரு பையன் எடுக்க மறந்து வகுப்புத் தோழர்கள் எல்லாருக்கும் நிரலைக் கொடுத்துவிட்டான். எல்லாருக்கும் முதல் பதில் "நல்ல சேதி வரும்", இரண்டாவது பதில் "அவசரப்படாதே". மூன்றாவது கணினியிலேயே குட்டு உடைந்துவிட்டது.

பதில் வராமல் நிரல் சாய்வதற்கு அநேகமாக ஒரே காரணம்தான். பள்ளியில் ஸ்க்ராட்ச் பழகிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குப் பட்டியலின் முதல் பொருள் 1. கைப்பேசிக்குச் செயலி செய்யும் ஆப் இன்வென்டரிலும் அப்படித்தான். பைதானில் முதல் பொருள் 0, எட்டாவது பொருள் 7. ராண்ட்இன்டில் 1, 8 என்று கொடுத்து அந்த எண்ணால் பட்டியலைத் தொட்டால் எட்டில் ஏழு தடவை ஒழுங்காகப் பதில் வரும். எட்டு வந்த தடவை நிரல் சிவப்பு எழுத்தில் விழும். பிள்ளைகள் இப்படி விழுவதைத்தான் கவனிக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த ஏழு தடவையை. முதல் பதில் ஒரு நாளும் வெளியே வராது. பெரும்பாலும் முதலில் எழுதிய பதில்தான் எழுதியவனுக்கு ரொம்பப் பிடித்த பதிலாக இருக்கும்; அது பட்டியலில் அடைபட்டே கிடக்கும், எந்தச் செய்தியும் காட்டாது. சாய்ஸ் என்ற சார்பைப் பயன்படுத்தினால் எண்ணே வேண்டாம், பட்டியலைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துத் தந்துவிடும். அதை நான் இரண்டாவது வாரம்தான் சொல்லித் தருகிறேன். முதல் வாரம் எண்ணோடு மல்லுக்கட்டட்டும்.

அடுத்தது காற்புள்ளி. பதில்களை மேற்கோள் குறிக்குள் எழுதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்புள்ளி வைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பைதான் திட்டாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சரங்களையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். கண்ணுக்கு எட்டு வரி தெரியும், பட்டியலில் ஏழுதான் இருக்கும். எப்போதாவது "கட்டாயம் நடக்கும்கொஞ்சம் பொறு" என்று ஒரு பதில் வரும். பார்க்கிறவர்கள் கணினி குழம்பிவிட்டது என்று சிரிப்பார்கள். பட்டியலை எழுதி முடித்ததும் அதன் நீளத்தை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது ஒரு நொடியில் பிடிபடும். கடைசிப் பதிலுக்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி வைத்துவிடுங்கள். நாளைக்கு ஒன்பதாவது பதிலைச் சேர்க்கும்போது கை தவறாது.

இனி, எல்லாரும் கொண்டு வரும் புகார். "சார், ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவயும் ஒரே பதில் வருது, ராண்டம் வேலை செய்யல." வேலை செய்வதால்தான் அப்படி வருகிறது. எட்டுப் பதில் இருந்தால் முந்தைய பதிலே அடுத்து வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டுக் கேள்வி கேட்டு எட்டும் வேறு வேறு பதிலாக வருவதைப் பார்க்க வேண்டுமானால் ஆயிரம் பேர் உட்கார்ந்து கேட்டாலும் இரண்டு மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவேன்: மொத்தம் 16,777,216 விதமாக வரலாம், அதில் 40,320 விதம் மட்டுமே எட்டும் தனித்தனி. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனால் பாட்டியிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. கிளி ஜோசியத்தில் கிளி எடுத்த சீட்டு மறுபடி அடுக்குக்குள் போய்விடும். அதே சீட்டு திரும்ப வந்தால் பாட்டி அதைக் கிளியின் உறுதி என்று எடுத்துக்கொள்வார், கணினியில் வந்தால் கோளாறு என்பார். அதனால் இரண்டு வழியையும் சொல்லித் தருகிறேன். ஒன்று, எடுத்ததைத் திரும்பப் போடும் வழி. மற்றது, பட்டியலை ஷஃபிள் செய்து ஒவ்வொன்றாக பாப் செய்து எடுத்து, தீர்ந்ததும் மறுபடி கலைக்கும் வழி. இரண்டாவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய சுற்றின் கடைசிப் பதிலே புதுச் சுற்றின் முதல் பதிலாக வந்து நிற்கலாம். அதை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றாக இருந்தால் திரும்பக் கலைக்க வேண்டும். இதைத் தானாகக் கண்டுபிடித்து வந்து காட்டும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

கைப்பேசியில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. குலுக்கினால் பதில் வர வேண்டும் என்று வைத்தால், கையை ஒரு தடவை ஆட்டியதை உணரி இரண்டு மூன்று தடவையாகச் சொல்லும். பதில் மின்னி மின்னி மாறும். உணரியின் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டி வையுங்கள். கணினியில் செய்கிறவர்கள் பதிலுக்கு முன்னால் ஒரு விநாடி நிறுத்தம் வையுங்கள். உடனே வந்து விழும் பதிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூன்று விநாடி ஆனால் சின்னப் பிள்ளைகள் விசையை மறுபடி மறுபடி அடிப்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் குலுக்கும் பக்கம். பதில் எழுதும் பக்கம்தான் வேலை. குலுக்கலை எழுத ஒரு வரி போதும், பதில்களை எழுத ஒரு வாரம் கொடுக்கிறேன், அப்படியும் பத்தாது. நம் பெரியவர்கள் பூக்கட்டிப் பார்ப்பார்கள்: சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அங்கே பதில் இரண்டே இரண்டு. ஆனால் கேள்வியை முதலிலேயே நன்றாக வகுத்துக்கொண்டு, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டுவார்கள். பழைய பஞ்சாங்கங்களில் ஆரூடச் சக்கரம் இருக்கும். கண்ணை மூடிக் கட்டத்தில் விரல் வைத்தால் ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழே ஒரு பலன். பட்டியலும் சுட்டெண்ணும் அச்சில் இருந்தவைதான். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து ஆல்பர்ட் கார்ட்டரின் கைவேலையிலிருந்து வந்த மேஜிக் 8 பால் 1950 முதல் கறுப்புப் பந்தாக விற்கிறது. அவருடைய தாயார் குறி சொல்கிறவர். பந்துக்குள் நீலத் திரவத்தில் 20 முகக் கட்டை ஒன்று மிதக்கிறது. 10 முகம் ஆமாம் என்கிறது, 5 முகம் இல்லை என்கிறது, 5 முகம் பிறகு கேள் என்கிறது. அந்த விகிதத்தைப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். சரிபாதியாகப் பிரிக்காமல் ஆமாம் பக்கம் ஏன் சாய்த்தார்கள் என்று யோசித்துவிட்டு வரச் சொல்வேன்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் வேண்டிய கேள்வி பெரும்பாலும் ஆகாரத்தில் முடியும். வேலை கிடைக்குமா, அவள் வருவாளா, இது சரியா. எப்போது கிடைக்கும், யார் வருவார் என்பவை அப்படி முடியாது. ஆகவே கேள்விக்குறியையும் இடைவெளியையும் வெட்டிவிட்டுக் கடைசிக் குறியைப் பார்த்தால், கேள்வி எந்த வகை என்று நிரலுக்கே தெரிந்துவிடும். இரண்டாவது வகைக் கேள்விக்கு "கட்டாயம் நடக்கும்" என்று அசடு வழியாமல் "ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளு" என்று சொல்ல வைக்கலாம். ஒரு தங்கை இதை அழகாகச் செய்து கொண்டு வந்தாள். அவளுடைய தம்பி "பஸ் எப்ப வரும் அண்ணா?" என்று தட்டினான். நிரல் "ஆமாம்" என்றது. அண்ணாவும் ஆகாரத்தில்தான் முடிகிறது. எப்ப, எங்கே, யார், ஏன், எத்தனை போன்ற சொற்கள் கேள்வியில் இருக்கின்றனவா என்று முதலில் தேடிவிட்டுப் பிறகு கடைசிக் குறியைப் பார்க்கும்படி வரிசையை மாற்றினாள். சரியாகிவிட்டது.

எழுத்துக்களிலும் ஜாக்கிரதை வேண்டும். பைதானிடம் "கிளி" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 4 என்று சொல்லும். நமக்கு அது இரண்டு எழுத்து. அது எண்ணுவது க, இகரக் குறி, ள, இகரக் குறி என்று நான்கு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "வருமோ" என்பதை இரண்டாகத் தட்டியிருந்தால் கடைசிக் குறி காலாகிவிடும், நிரல் அதை ஆகாரம் என்று நினைக்கும். உள்ளே வந்த சரத்தை யூனிகோடு நார்மலைஸ் செய்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். தமிழில் தட்டப் பழகாதவர்கள் முதலில் அதைப் பழகுங்கள். முரசு அஞ்சலும் செல்லினமும் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தவை. பைதான் 3-இல் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பதில்கள், கேள்வி என்று பெயர் வைத்து எழுதிய நிரலைப் பாட்டிகூட ஓரளவு படித்துவிடுவார்.

பீடோங் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எட்டுப் பதிலில் ஒன்றாக "வாய்ப்பே இல்ல" என்று எழுதியிருந்தாள். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். "நான் பணக்காரன் ஆவேனா" என்ற கேள்விக்கு அது வந்தபோது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. வீட்டில் அவளுடைய பாட்டி உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்குச் சொகமாயிருமா?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை அப்போது மருத்துவமனையில். நிரல் "வாய்ப்பே இல்ல" என்றது. அது குலுக்கிப் போட்டதுதான் பாட்டி, நான்தான் எழுதினேன் என்று பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பாட்டி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுவாரம் வந்ததும் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் அந்த வரியையும் இன்னும் இரண்டு வரிகளையும் அழித்தாள். பிறகுதான் என்னிடம் நடந்ததைச் சொன்னாள்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு முறை வைத்திருக்கிறேன். எட்டுப் பதிலையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எதிரே ஆறு கேள்வி: நோய், கடன், கல்யாணம், பரீட்சை, வேலை, வீட்டுச் சண்டை. 48 ஜோடியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது. பரீட்சைக்கு "நான் பெயிலாயிருவேனா?" என்று தலைகீழாகவும் ஒரு தடவை கேட்க வேண்டும், அப்போதுதான் "நிச்சயமா!" என்ற நல்ல பதில் எவ்வளவு கெட்ட பதில் என்பது தெரியும். படிக்கிறபோது எந்த ஜோடியில் நாக்கு தயங்குகிறதோ அந்தப் பதிலை மாற்றி எழுத வேண்டும். இப்படிச் சலித்துச் சலித்து நிற்கும் வரிகள் வேறு மாதிரி இருக்கும். "அவசரப்படாதே." "உன் கையிலதான் இருக்கு." "பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு செய்." ஒரு பையன் எழுதினான்: "மொதல்ல பசியாறிட்டு வா, அப்புறம் கேளு." 48 ஜோடியிலும் அது நின்றது. அவன் அம்மா வீட்டில் சொல்கிற வரி அது.

நிரல் திறந்ததும் முதல் திரையில், இது குலுக்கல், பதில்களை எழுதியவர் இன்னார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இது நான் விட்டுக்கொடுக்காத வரி. சொல்லாமல் குலுக்கிக் குறி என்று காட்டினால் நம்பி வருகிறவர்களுக்கு நாம் செய்வது துரோகம்.

நம்பர் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நிரல் பிரபலமானதும் யாராவது ஒரு மாமா வந்து, லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்கிற மாதிரி மாற்றிக் கொடு என்பார். மாற்றுவது சின்ன வேலைதான், 0000-லிருந்து 9999 வரை ஓர் எண்ணைக் குலுக்கினால் முடிந்தது. செய்து கொடுக்காதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். எழுந்து போய்விட்டால் போகட்டும். அவர் கட்டப்போகும் பணம் வீட்டுக் காசு.

ஒரே கேள்வியைப் பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கேள்வியையும் அன்றைய தேதியையும் ஒட்டி ஒரே சரமாக்கி அதையே விதையாகக் கொடுங்கள். அன்று முழுக்க அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும், மறுநாள் வேறு வரலாம். அண்ணன் எனக்கு 7 என்று தட்டச் சொல்லிக் காட்டிய அதே வேலைதான். பாட்டிகளுக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது. சொன்ன சொல் மாறாத நிரல் என்கிறார்கள்.

அடுத்த வாரத்துக்கான வேலை இது. பதில்களை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் எழுதிக் கொண்டு வாருங்கள், ஒரு வரிக்கு ஒரு பதில், எட்டுக்குப் பதிலாக இருபது. உங்கள் வீட்டில் யார் என்ன கேட்டாலும் தாத்தாவும் அம்மாவும் வழக்கமாக என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்து, அந்த வாக்கியங்களையே எழுதுங்கள். யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பைதானில் கோப்பைத் திறக்கும் வரியிலும் அதைக் குறிப்பிடுங்கள், விட்டுவிட்டால் விண்டோஸில் தமிழுக்குப் பதில் கிறுக்கலோ பிழைச் செய்தியோ வந்து நிற்கலாம். கோப்பில் எங்காவது வெற்று வரி இருந்தால் அதுவும் ஒரு பதிலாகப் பட்டியலில் ஏறி, எப்போதோ ஒரு தடவை வெறும் திரையைக் காட்டும். அதை விலக்கும் வரியை நீங்களே எழுதுங்கள். 20 பதில், 6 கேள்வி, 120 ஜோடி. எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.